மூச்சு வெட்டுபவள்

தாலினில், கொப்லிக்குப் போகிற டிராம்
கால் மணிக்கொரு தடவை
எங்கள் கதைக்குக் குறுக்கே ஓடும்.
நிறுத்திவிடுவோம்.
ஊர்மெட் வாயைத் திறந்தபடியே காத்திருப்பார்,
டிராகனின் பாதி வாக்கியம் நாக்கில்.

நான்கடிக்கு நான்கடி அறை, சுவரெல்லாம் நுரைப்பஞ்சு.
முன்பு மீன் டப்பா அடுக்கிய கிடங்கு.
மழை பெய்தால் இன்னமும் மத்தி வாடை.
அதற்குள்தான் பனிக்கடல், அதற்குள்தான் ஏழு கோபுரம்,
கரடி முதுகில் ஏறி ஓடிப்போன அண்ணனும் தங்கையும்.
அத்தனை பேரும் ஒரே தொண்டையில் குடித்தனம்.
காலையில் அவர் கொதிகலன் பழுதுபார்ப்பவர்.
நகக்கண்ணில் கரியோடு வந்து உட்கார்ந்து
இளவரசியாகக் கொட்டாவி விடுவார்.

அவர் போனபின் என் வேலை.
பேச்சையும் மூச்சையும் பிரிப்பது.

நாற்காலி முனகல், வயிற்றின் கடமுடா,
தாள் புரளும் சரசரப்பு,
உதடு பிரியும்போது ஓர் ஈரச் சொடுக்கு
எல்லாம் போகவேண்டும்.
மூச்சு, திரையில் ஒரு சின்னப் புழு.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நெளியும்.
கிள்ளுவேன்.
ஒரு மணி நேரக் கதைக்கு எழுநூறு புழு.
எறிய மனமில்லாமல்
'குப்பை' என்று பெயரிட்ட கோப்பில் போட்டுவைப்பேன்.
ஒன்பது மணி நேரக் கதைக்கு
நாற்பத்தோரு நிமிட மூச்சு சேர்ந்தது.

நவம்பரில் ஒருநாள். நாலு மணிக்கே இருட்டு.
சும்மா அந்தக் குப்பையை ஓடவிட்டேன்.

ஒரு சொல் இல்லை.
ஆனால் தெரிந்தது:
இங்கே ஏறுகிறார்கள்,
இங்கே கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார்கள்,
இது கரடி செத்த இடம்.
பதினோராம் நிமிடத்தில்
என் கையும் சேர்ந்து மேசையைப் பிடித்திருந்தது.

அப்படியும் ஒன்றைத் தவறவிட்டேன்.
பதினான்காம் அத்தியாயம்.
குகைவாயில் டிராகன், எதிரே தங்கை.
"உன்னைச் சாப்பிடமாட்டேன்" என்கிறது.
அதற்கப்புறம்
ஒரு மடக்.
எச்சில் விழுங்கும் சத்தம்.
நான் அப்போது சூப் குடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.
அப்படியே வெளியே போய்விட்டது.

நாலு மாதம் கழித்து, தெற்கே வோருவிலிருந்து
கட்டம் போட்ட தாளில் ஒரு கடிதம்.
ஒரு தாய் எழுதியிருந்தாள்:
என் மகன் உக்குவுக்கு ஆறு வயது.
தினம் இரவு பதினான்காம் அத்தியாயம் மட்டும்தான்.
அதில் ஒரு சத்தம் வருகிறது.
பிழை என்றேன். இல்லை என்கிறான்.
டிராகனுக்கு அவளைத் தின்ன ஆசையாம்.
வாயில் ஊறியதாம்.
சொன்ன சொல்லுக்காக அதை விழுங்கியதாம்.
அதனால்தான் அது நல்ல டிராகனாம்.
அடுத்த முறை வெளியிடும்போது
தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்.

கீழே பென்சிலில் ஒரு நீளக் கழுத்து.
பாதிக் கழுத்தில் ஓர் உருண்டை,
இறங்கிக்கொண்டிருந்தது.

ஊர்மெட்டிடம் காட்டினேன்.
"அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்" என்று சிரித்தார்.
பிறகு டிராம் வந்தது.
டிராம் போய் வெகுநேரம் ஆகியும்
அவர் அடுத்த வரியைத் தொடங்கவில்லை.

இப்போது புதுக்கதை.
ஒரு கிணறு, துடுப்பில்லாத படகு, மூக்கடைத்த சூனியக்காரி.
மூக்கடைப்பு எழுதியவர் கேட்டதல்ல,
ஊர்மெட்டுக்கு ஒரு வாரமாகச் சளி.
முதலாளி நேற்றும் சொன்னார்: சுத்தமாக வேண்டும்.
சரி என்றேன்.

அறுநூற்றுப் பன்னிரண்டாம் மூச்சு.
கத்தரி மேல் விரல்.
இந்த மூச்சு இவருடையதா, அவளுடையதா?
விரலை எடுக்காமலே யோசிக்கிறேன்,
வோருவுக்கு எழுதிக் கேட்டால்
பதில் வர எத்தனை நாளாகும்?